கம்ப்யூட்டர் படக் கண்காட்சி: ஏழு துணிப் பதாகை, ஒரு பழைய லேப்டாப். எதை வரைவது, எப்படி அச்சிடுவது?

வாசகசாலைச் சுவர் (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஓணம் விடுமுறையில் எங்க ஊர் வாசகசாலையில் ஒரு சுவர்க் கண்காட்சி வைக்கிறோம். கம்ப்யூட்டர் படம் வரைய ஆரம்பித்த நாளில் இருந்து இன்றைய ஏஐ படம் வரைக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள். தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் இரண்டும் கலந்து வருவார்கள், அதனால் விளக்கம் இரு மொழியிலும் வேணும்.

கையில் இருப்பது இவ்வளவுதான்: 6 அடிக்கு 4 அடி பதாகை ஏழு. பி.வி.சி. ஃபிளெக்ஸுக்கு இங்கே தடை, ஆகவே காட்டன் துணி அச்சு. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் ஒன்று, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர் தன்னுடைய 2 அடி கட்டிங் பிளாட்டரை (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) ஒரு நாள் தருகிறார்.

கேட்க வேண்டியது: ஏழு பதாகையில் எதை எதை வைக்கலாம்? பழைய படங்களை நெட்டில் இருந்து எடுத்து அச்சிட்டால் போதுமா? எத்தனை பிக்சல் வேணும்? கோலத்தையும் இதில் சேர்க்க ஆசை. அது பொருந்துமா, இல்லை வலிந்து நுழைத்த மாதிரி ஆகிவிடுமா?

---

நெடுங்கோடு (வாளையார்)

நெட்டில் இருந்து எடுப்பதை விட்டுவிடுங்கள். நம் சட்டப்படி படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. கம்ப்யூட்டர் படத்தின் முன்னோடிகளில் கியோர்க் நேஸ் மறைந்தது 2016, வேரா மோல்னார் 2023. உரிமை கிடைத்தாலும் 600 பிக்சல் அகலப் படத்தை 6 அடிக்கு இழுத்தால் மங்கலாகத்தான் நிற்கும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. 1960-களின் கம்ப்யூட்டர் படங்கள் பெரும்பாலும் சில வரி விதியில் இருந்து வரைந்தவை. அந்த விதியைப் பிள்ளைகளை வைத்தே எழுதி ஓட்டினால் எந்த அளவிலும் கூர்மையாக வரும். கீழே "இன்னார் முறையைத் தழுவி வரைந்தது" என்று தெளிவாகப் போடுங்கள். பார்ப்பவர் அதை அசல் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆண்டு வரிசை போட்டுப் பெயர்களை அடுக்குவதைவிட, ஒவ்வொரு பதாகையும் ஒரே கேள்விக்கு விடை சொல்லட்டும்: அந்த மெஷினால் எது முடியவில்லை, அதனால் இந்தப் படம் ஏன் இப்படி இருக்கிறது? நான் வைப்பதானால் கிர்ஷின் ஸ்கேன், பிளாட்டர் படம், கோலம், 320 × 200 பிக்சல் திரைக்கான படம், நிழலிட்ட முப்பரிமாணப் பொருள், நாய்ஸில் (ஒன்றையொன்று ஒட்டி ஏறி இறங்கும் ரேண்டம் எண்களில்) வரைந்த மலை, ஏஐ. ஏழும் ஆயிற்று. பென் லாபோஸ்கி 1950-களில் ஆஸிலோஸ்கோப் திரையில் அலைகளை வளைத்துப் படம் பிடித்தது அழகான வேலைதான். ஆனால் அது அனலாக். இடம் குறைவு என்பதால் விட்டுவிடலாம்.

முதல் பதாகைக்கு: 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாத மகனின் 5 செ.மீ. புகைப்படத்தை உருளை ஸ்கேனரில் ஏற்றி 176 × 176 கட்டமாக்கினார். மொத்தம் 30,976 கட்டம். ஒரு தடவை ஓட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கருப்பு, வெள்ளை இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வெளிச்ச எல்லையை மாற்றி மாற்றி ஓட்டி, வந்தவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தான் சாம்பல் நிறம் வந்தது. இதை அப்படியே செய்து காட்டலாம். வாசகசாலைக் கட்டடத்தைப் படம் எடுத்துச் சதுரமாக வெட்டி, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 176 × 176-க்குச் சுருக்குங்கள். சாம்பலாக்கி, திரெஷோல்ட் (கருப்பு, வெள்ளையைப் பிரிக்கும் வெளிச்ச எல்லை) 64, 128, 192 என மூன்று நகல் எடுங்கள். மூன்றையும் கூட்டிய நான்காவது நகலில் நான்கு சாயல் தெரியும். பெரிதாக்கும்போது இன்டர்பொலேஷன் (இடையில் புதுப் பிக்சலை நிரப்பும் முறை) 'நன்' என்று இருக்க வேண்டும். கிம்ப் தானாக கியூபிக்கில் நிற்கும். அதை மாற்றாமல் விட்டால் கட்டங்களின் ஓரம் கரைந்து, காட்ட வந்த விஷயமே போய்விடும். கூட்டிய படத்தை மட்டும் கட்டத்துக்கு 6 மி.மீ. என்று வைத்தால் 105.6 செ.மீ., சுமார் 3 அடி 6 அங்குலம். பதாகையின் உயரத்துக்குள் அடங்கும். மற்ற மூன்றும் பக்கத்தில் சிறியதாக நிற்கட்டும்.

இரண்டாவது, பிளாட்டர்: நிரல் சொன்னபடி பேனாவை நகர்த்திக் கோடு போடும் மெஷின். 1965 பிப்ரவரியில் ஸ்டட்கார்ட்டில் நேஸ், ஏப்ரலில் நியூயார்க்கில் மைக்கேல் நோலும் பேலா யூலெஸும் கம்ப்யூட்டர் படங்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தார்கள். நேஸ் பின்னர் வரைந்த ஒன்று பாடம் நடத்தவே செய்தது போல இருக்கும்: 12 பத்தி, 22 வரிசை சதுரங்கள். மேல் வரிசை ஒழுங்காக நிற்கும், கீழே போகப் போகச் சரியும். விதி இப்படி. வரிசை எண் 'வ', 0 முதல் 21 வரை. சுழற்சி = ரேண்டம் × 45° × வ ÷ 21. நகர்வு = ரேண்டம் × பக்க நீளத்தில் 0.45 பங்கு × வ ÷ 21. ரேண்டம் −1-க்கும் +1-க்கும் நடுவில். 45-ம் 0.45-ம் நான் வைத்த எண்கள், மாற்றிப் பாருங்கள். ஏ3 தாளுக்குப் பக்கம் 1.6 செ.மீ. வைத்தால் 19.2 × 35.2 செ.மீ. வரும், சுற்றி ஓரம் தாராளம்.

பி5 ஜேஎஸ்ஸில் (பிரவுசரில் படம் வரைய உதவும் நிரல் நூலகம்) எழுதும் பிள்ளைகள் மூன்று இடத்தில் விழுவார்கள். சுழற்றுவதற்கு முன் சதுரத்தின் நடுவுக்கு ஆதிப்புள்ளியை நகர்த்தாவிட்டால் எல்லாச் சதுரமும் தாளின் இடது மேல் மூலையைச் சுற்றும். நிலையைச் சேமித்து மீட்கும் 'புஷ்', 'பாப்' போடாவிட்டால் முந்தைய சுழற்சி அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும். 'நோலூப்' போடாவிட்டால் விநாடிக்கு 60 தடவை புதுப் படம் வரும், திரை நடுங்கும். இன்னொன்று, ரேண்டம் விதை எண்ணை நிலையாகக் கொடுத்து, அந்த எண்ணைப் படத்தின் கீழே எழுதிவையுங்கள். இல்லையென்றால் பிடித்த படம் மறுபடி கிடைக்காது.

நான்காவது பதாகைக்கான 320 × 200, 256 நிறம் என்ற அளவு 1987-ல் விஜிஏ என்ற கம்ப்யூட்டர் திரைத் தரத்தோடு பரவியது. 64,000 பிக்சல், பிக்சலுக்கு ஒரு பைட். அன்றைய இன்டெல் சில்லில் ஒரு செக்மென்ட், அதாவது நினைவகத்தின் ஒரு துண்டு, 65,536 பைட். முழுப் படமும் ஒரே செக்மென்டில் அடங்கியதால் நிரல் எழுதுவது எளிதாக இருந்தது. ஆனால் அந்தத் திரை 4:3. 320-க்கு 200 என்பது 4:3 அல்ல, அதாவது பிக்சல் சதுரமாக இல்லை, கொஞ்சம் நெட்டையாக இருந்தது. இதைக் கவனிக்காமல் அச்சிட்டால் வட்டம் அமுங்கிய இட்லி மாதிரி ஆகிவிடும். அகலத்தை 20 மடங்கு, உயரத்தை 24 மடங்கு ஆக்குங்கள்: 6400 × 4800. அங்குலத்துக்கு 100 புள்ளி என்றால் 64 × 48 அங்குலம். 6 அடியில் மிச்சம் 8 அங்குலம், விளக்கம் எழுத அது போதும்.

இதற்கு முன்னோடியாக ஒரு வரி சேர்க்கலாம். 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் என்ற ஓவியக் கருவி 640 × 486 படத்தை, பிக்சலுக்கு 8 பிட் வீதம், முழுதாக நினைவகத்தில் வைத்தது. கணக்குப் போட்டால் 3,11,040 பைட். இன்று மொபைல் கேமராவில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு கூட இருக்காது. அன்று அந்த நினைவகம்தான் கருவியிலேயே விலை உயர்ந்த பாகம்.

---

அச்சுமை (பாலக்காட்டுச் சித்தூர்)

அச்சுப் பக்கம் நான் சொல்கிறேன்.

எத்தனை பிக்சல் என்பதைப் பார்க்கும் தூரம்தான் தீர்மானிக்கும். 3438-ஐத் தூரத்தால், அங்குலத்தில், வகுத்தால் அங்குலத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்கும். 6 அடியில் நின்றால் 48, 3 அடியில் 95. பிள்ளைகள் கிட்டே வந்துதான் பார்ப்பார்கள், ஆகவே 100 வைத்துக்கொள்ளுங்கள்: 7200 × 4800. கடைக்காரர் 300 கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒன்பது மடங்கு கோப்பு, லேப்டாப் திணறும், துணியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கோட்டுப் படங்களை, அதாவது பிளாட்டர் படத்தையும் கோலத்தையும், பிக்சலாகச் சேமிக்கும் பிஎன்ஜி ஆக்காமல், கோடுகளைக் கோடாகவே வைக்கும் எஸ்விஜியில் இருந்து நேராக பிடிஎஃப் ஆக்குங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்து, கோட்டை வடிவமாக்கிய பிறகே அனுப்புங்கள். கடையில் அளவை மாற்றும்போது சில மென்பொருளில் கோட்டுத் தடிமன் மாறாமல் நின்றுவிடும், 6 அடிப் படத்தில் தலைமுடி போல ஒரு கோடு ஓடும். துணியில் மை பரவும் என்பதால் கருப்புக் கோடு 2 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. கருப்புப் பரப்புக்குள் விடும் வெள்ளைக் கோடு 3 மி.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

நிறத்தில் ஏமாற்றம் வரும் இடம், பழைய திரைகளின் பளிச்சென்ற பச்சையும் சியானும். (0, 255, 0), (0, 255, 255) இரண்டுமே அச்சு மையின் எல்லைக்கு வெளியே. என்ன செய்தாலும் கொஞ்சம் மங்கும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் 'சாஃப்ட் ப்ரூஃப்' போட்டு முன்கூட்டியே பார்த்துவிட்டு, சுற்றியுள்ள நிறங்களை ஒரு படி இறக்குங்கள். அப்போது பச்சை பளிச்சென்று தெரியும். பெரிய கருப்புப் பரப்புக்கு நான்கு மையும் 100 கொடுத்தால் துணி நனைந்து, சுருட்டும்போது பின்பக்கம் ஒட்டும். சி40, எம்30, ஒய்30, கே100 (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) போதும், கூட்டினால் 200. ஏழையும் அடிப்பதற்கு முன், எல்லாப் பதாகையிலும் வரும் முக்கிய நிறங்கள், மெல்லிய கோடுகள், சிறிய எழுத்து எல்லாம் சேர்த்து ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரி அடித்துப் பாருங்கள்.

எழுத்துதான் எப்போதும் கெடும். கடையில் இருக்கும் பழைய கோரல்டிராவில் யூனிகோட் தமிழைத் திறந்தால் கொம்பு எழுத்துகள் இடம் மாறும். 'கொ' என்பது 'க', ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று துண்டாகக் கிடக்கும். மலையாளத்தில் சில்லு எழுத்துகள் சிக்கல். யூனிகோடில் சில்லுக்குத் தனிக் குறி வந்தது 2008-ல். அதற்கு முந்தைய ஃபான்ட் என்றால் சதுரப் பெட்டி தெரியும். இரு மொழியையும் இங்க்ஸ்கேப்பிலேயே அமைத்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வடிவமாக்கி அனுப்புங்கள். திருத்தக்கூடிய நகலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வடிவமான பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஒரே அளவில் போட்டால் மலையாளம் தமிழைவிடச் சிறியதாகத் தெரியும் ஃபான்ட்கள் உண்டு. எண்ணைப் பார்க்காமல் கண்ணால் சமன் செய்யுங்கள்.

பிளாட்டர்: கத்தியைக் கழற்றிவிட்டுப் பேனாப் பிடிப்பானைப் போட்டால் அது 1960-களின் கருவிக்கு நேர் வாரிசு. இங்க்ஸ்கேப்பில் இருந்து பிளாட்டருக்கான எச்பிஜிஎல் கோப்பாகச் சேமிக்கலாம். அதில் ஓர் அலகு 0.025 மி.மீ., அங்குலத்துக்கு 1016. படம் எதிர்பாராத அளவில் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். முக்கியம், 'பிளேட் ஆஃப்செட்' 0 ஆக்க வேண்டும். கத்திக்கு அது 0.25 மி.மீ. போல இருக்கும். மாற்றாமல் பேனாவை ஓட்டினால் ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் ஒரு சிறு கொக்கி விழும். அழுத்தத்தை அந்த மெஷினின் குறைந்த எல்லையில் தொடங்கி, கோடு விடாமல் விழும் வரை ஏற்றுங்கள். ஜெல் பேனா வேகத்தில் மை விடாது. நார் முனைப் பேனா 0.5 நல்லது. 70 ஜிஎஸ்எம் தாள் உருளையில் கோணும், 150-க்கு மேல் வாங்குங்கள்.

நெடுங்கோடு சொன்ன படத்தில் 264 சதுரம், ஒவ்வொன்றும் 6.4 செ.மீ. சுற்று, மொத்தம் 16.9 மீட்டர் கோடு. விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் மூன்று நிமிடம், பேனா தூக்கி இறக்கும் நேரமும் சேர்த்தால் ஆறேழு நிமிடம். பிள்ளைகள் நின்று பார்க்கச் சரியான நேரம். ஒழுங்கான மேல் வரிசைகளில் பக்கத்துச் சதுரங்களின் ஓரம் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் கோடு இரட்டிப்பாகித் தாள் கிழியலாம். சதுரத்தின் பக்கத்தை 1.5 ஆக்கி, இடைவெளியை 1.6-லேயே விட்டால் தீர்ந்தது.

---

மெலிகை (நகரி)

கோலம் வலிந்து நுழைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகமே வேண்டாம். 1974-ல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை வரைய ஓர் இலக்கணம் அமைத்து, கம்ப்யூட்டர் வரைகலைக்கான ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் எழுத முடியும் என்ற ஆய்வுத் துறையில் கோலம் அப்போதே உதாரணமாக நின்றுவிட்டது. செடி வளர்ச்சியை விதியாக எழுத 1968-ல் லிண்டன்மேயர் அமைத்த முறையிலும் பின்னாளில் கோலங்களை வரைந்திருக்கிறார்கள். ஆகவே அது மூன்றாவது பதாகையில் இருக்க வேண்டியதுதான். எங்கள் பக்கம் தெலுங்கில் சிக்குக் கோலத்தை மெலிகல முக்கு என்பார்கள். விதி ஒன்றே.

அந்த விதி: புள்ளிகளைச் சதுரக் கட்டத்தில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே இரண்டு இழை குறுக்கே வெட்டிக்கொள்ளலாம், அல்லது வெட்டாமல் விலகலாம். ஓரத்தில் இழை திரும்பிவிடும். இவ்வளவே. 5 × 4 புள்ளிக்கு இப்படிப்பட்ட நடு இடம் 31. ஒவ்வொன்றிலும் வெட்டு, விலகல் என்ற இரண்டே தேர்வு என்றாலும் 2-ஐ 31 தடவை பெருக்க வேண்டும்: 214 கோடிக்கு மேல். இந்த ஒரு எண்ணைப் பதாகையில் பெரிதாகப் போடலாம்.

நெடுங்கோடு சொன்ன நெட்டைப் பிக்சலுக்கு ஒரு துணை. தறிக்காரர்களுக்கு அது புதிதல்ல. ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் அட்டை என்பது படத்தின் ஒரு வரிசை. ஓட்டை இருந்தால் பாவு நூல் ஏறும், இல்லையென்றால் ஏறாது. 240 கொக்கிப் பெட்டி என்றால் படம் 240 கட்ட அகலத்துக்குள் அடங்கிவிட வேண்டும், பிறகு அதுவே திரும்ப வரும். அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 என்று இருந்தால் சதுரக் கட்டத் தாளில் போட்ட மயில் துணியில் நெட்டையாகிவிடும். அதனால் கட்டத் தாளையே 80-க்கு 60 என்ற விகிதத்தில் எடுப்பார்கள். ஜக்கார்டின் தறி 1804. விஜிஏ பதாகைக்குப் பக்கத்தில் பழைய ஜக்கார்டு அட்டை ஒரு கொத்து தொங்கவிட்டால் பிள்ளைகள் கையால் தொட்டே புரிந்துகொள்வார்கள். விசைத்தறிக் கூடங்களில் கழித்துப் போட்டது கிடைக்கும்.

---

வாசகசாலைச் சுவர் (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றிங்க, மூன்று பேருக்கும். கோலத்துக்கு நிரல் எழுதிப் பார்த்தோம். 5 × 5 புள்ளி, எல்லா இடத்திலும் வெட்டு. படம் அழகாக வருகிறது, ஆனால் ஒரே கோடாக வரவில்லை. ஐந்து தனி வளையம் வருகிறது. நிரலில் பிழையா? இன்னொன்று, வளைவுகள் சேரும் இடத்தில் ஒடிந்த மாதிரி தெரிகிறது.

---

மெலிகை (நகரி)

நிரல் சரியாகத்தான் இருக்கிறது. எல்லா இடத்திலும் வெட்டு வைத்தால் வளையங்களின் எண்ணிக்கை, இரு பக்கப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொதுக் காரணி. 5-க்கும் 5-க்கும் அது 5. 6 × 4 வைத்தால் 2 வரும். 5 × 4 வைத்தால் 1, ஒரே இழை. 3 × 5, 5 × 8 கூட ஒரே இழைதான். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் படித்த மீபொகா இங்கே கண்ணுக்குத் தெரியும்.

5 × 5-தான் வேண்டும் என்றால், வளையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். இரண்டு வேறு நிறம் வெட்டும் இடம் ஒன்றை எடுத்து, அங்கே வெட்டை விலகலாக மாற்றுங்கள். அந்த இரண்டும் கட்டாயம் ஒன்றாகும். மறுபடி நிறம் கொடுத்து எண்ணுங்கள். நான்கு தடவையில் ஐந்தும் ஒன்றாகிவிடும். ஒரே நிறம் தன்னையே வெட்டும் இடத்தில் கை வைத்தால் வளையம் இரண்டாகப் பிரியவும் கூடும், ஆகவே எண்ணாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் நான்கு மாற்றம் போதாது. 90 பாகை சுழற்றி ஒரே மாதிரி நான்கு இடத்தில் மாற்றினால், அந்த நான்கும் அதே இரண்டு ஜோடி வளையங்களையே திரும்பத் திரும்பச் சேர்க்கும். குறைந்தது எட்டு வேண்டும், அதில் சில சேர்க்கைகள் பிரித்தும் விடும். நிரலை எல்லாச் சேர்க்கையும் முயன்று பார்க்கச் சொல்வதுதான் சுலபம்.

ஒடிவுக்குக் காரணம் தொடுகோடு. நடு இடத்தைக் கடக்கும் இழை இரு பக்கமும் சரியாக 45 பாகையில் இருக்க வேண்டும். பெசியர் வளைவின் கைப்பிடிப் புள்ளிகளை (வளைவு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்று சொல்பவை) அந்தச் சாய்வுக் கோட்டின் மேலேயே வையுங்கள். துண்டுகளைத் தனித்தனியாகச் சேமிக்காமல், இழை போகும் வரிசையில் கோத்து ஒரே பாதையாக எஸ்விஜியில் எழுதுங்கள். அப்போது பிளாட்டர் பேனாவைத் தூக்காமல் ஒரே ஓட்டத்தில் முழுக் கோலத்தையும் போட்டு முடிக்கும். புள்ளிகளைக் கையால் வைத்துவிட்டு இழையை மெஷினுக்கு விடுவது இன்னும் நன்றாக இருக்கும்.

---

மூவளவு (செங்கோட்டை)

ஐந்தாவது, ஆறாவது பதாகைக்கு.

முப்பரிமாணத்தில் எல்லாரும் யூட்டா தேநீர்க் குடுவையைத்தான் வைப்பார்கள். 1975-ல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுக் குடுவையை எண்களாக்கியது. நிழல் தானே தன் மேல் விழும், கைப்பிடியில் ஓட்டை உண்டு, உடல் வளைவு. ஒளியைச் சோதிக்க வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. உங்கள் ஊரில் அந்தக் குணங்களில் பெரும்பாலானவை உள்ள பொருள் வீட்டுக்கு வீடு இருக்கிறது: கிண்டி, மூக்கு வைத்த செம்பு. பித்தளை என்பதால் மினுக்கும் கிடைக்கும்.

கிண்டியைப் பக்கவாட்டில் படம் எடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அந்தப் படத்தின் மீது ஒரு பக்க ஓரத்தை மட்டும் 12 முதல் 15 புள்ளியில் வரைந்து, அதைச் சுற்றிச் சுழற்றி உருவமாக்கும் 'ஸ்க்ரூ' மாடிஃபையர், ஸ்டெப்ஸ் 32, 'மெர்ஜ்' போடுங்கள். அச்சுக்கோட்டின் மேல் வரும் புள்ளிகள் சரியாக 0-வில் இல்லாவிட்டால் அடியில் சிறு ஓட்டை விழும். மூக்குக்குத் தனி கர்வ், பெவல் கொடுத்து நுனியில் ஆரத்தைக் குறையுங்கள். பிறகு நார்மல்களை (மேற்பரப்பு நோக்கும் திசைகளை) வெளிப்பக்கம் திருப்புங்கள். இதை மறந்தால் கிண்டியில் கருப்புத் திட்டுகள் தெரியும்.

ஒரே கிண்டியை 'ஃப்ளாட்', 'ஸ்மூத்' இரண்டு விதமாக ரெண்டர் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃப்ளாட்டில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே நிறம். 1971-ல் ஆன்ரி கூரோ மூலைகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு இடையில் நிறத்தைப் பரப்பினார். பட்டை மறைந்தது, ஆனால் மினுக்கு ஒரு பட்டையின் நடுவில் விழுந்தால் காணாமல் போகும். வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங், நிறத்தைப் பரப்பாமல் மேற்பரப்பின் திசையைப் பரப்பி, பிக்சலுக்குப் பிக்சல் ஒளியைக் கணக்கிட்டார். கட்டுரை வெளிவந்தது 1975. பிளெண்டரின் 'ஸ்மூத்' திசையைப் பரப்பும் வகை. கூரோவின் முறையை அதில் நேராக எடுக்க முடியாது, ஸ்மூத்தை அவர் பெயரில் வைத்துவிடாதீர்கள். மூன்றாவது படம் கட்டாயம் வேண்டுமென்றால், மூலை நிறங்களை நிரலில் கணக்கிட்டு வெர்டெக்ஸ் கலராக ஏற்றலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் 128 சாம்பிள், டீநாய்ஸ் போட்டு இரவில் விட்டுவிடுங்கள். பாதி அளவில், 3600 × 2400, ரெண்டர் செய்து இரண்டு மடங்காக்கினால் இந்த மாதிரி மழமழப்பான படத்துக்குப் போதும்.

மலைக்கு: கென் பெர்லின் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கி 1985-ல் வெளியிட்ட நாய்ஸ். 1997-ல் அதற்கு ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. தனித்தனி ரேண்டம் எண்ணில் மலை வராது, உப்புத் தூவியது போல இருக்கும். பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி ஏறி இறங்க வேண்டும். ஐந்து தொடர்களை ஒன்றன் பின் ஒன்றாக வரைந்து, பின்னால் போகப் போக நிறத்தை வெளிற விட்டால், கணவாயின் இரு பக்கமும் நீங்கள் தினம் பார்க்கும் மலை மாதிரியே வரும். பி5-ல் நாய்ஸுக்குப் பிக்சல் எண்ணை அப்படியே கொடுக்காதீர்கள். 0.01-ஆல் பெருக்கிக் கொடுங்கள். முழு எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகி மறுபடி உப்புத்தான். ஒரு திருத்தமும் வேண்டும்: பி5-ல் உள்ள நாய்ஸ் ஃபங்ஷன் உண்மையில் பெர்லின் முறை அல்ல, 'வேல்யூ நாய்ஸ்' என்ற உறவுக்கார முறை. கண்காட்சிக்கு அது போதும், விளக்கத்தில் பெர்லின் பெயரை "அவர் காட்டிய வழியில்" என்று போடுங்கள்.

---

நெடுங்கோடு (வாளையார்)

ஏழாவது, ஏஐ. இதைக் கோலத்தோடு சேர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து.

ஒரு ஏஐ மாடலிடம் சிக்குக் கோலம் கேளுங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கோலம். கிட்டே போய் விரலால் இழையைத் தொடர்ந்தால் பாதியில் அறும், இரண்டு இழை ஒன்றாகக் கரையும், சில புள்ளிக்கு இழையே போகாது. அது கோடிக்கணக்கான படங்களின் தோற்றத்தைப் பழகியிருக்கிறது. இழை மூட வேண்டும் என்ற விதி அதற்குள் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் நிரலுக்கு அந்த விதி மட்டும்தான் தெரியும், அழகு தெரியாது. இரண்டையும் ஒரே அளவில், பெயர் போடாமல் வைத்து, எது எது என்று பிள்ளைகளைக் கேட்கலாம். மைக்கேல் நோல் 1960-களில் கோடுகளால் வரையும் ஓவியர் மோந்திரியானின் ஓவியம் ஒன்றின் நகலையும், அதே பாணியில் கம்ப்யூட்டர் போட்ட கோடுகளையும் 100 பேரிடம் காட்டினார். கம்ப்யூட்டர் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர். 59 பேருக்குக் கம்ப்யூட்டர் படம்தான் பிடித்தது. அந்த எண்களைப் பதாகையில் போட்டு, பக்கத்தில் உங்கள் ஊர் எண்ணிக்கையைச் சாக்பீஸில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, 2022 ஆகஸ்டில் பொதுவில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ பட மாடலின் முதல் வகை நல்லது. 512 × 512 படம் என்றால் 7,86,432 எண். அதை நேராகக் கையாளாமல் 64 × 64 × 4, அதாவது 16,384 எண்ணாகச் சுருக்கி, அதில்தான் இரைச்சலைப் படிப்படியாக நீக்குகிறது. 48 மடங்கு குறைவு. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியதற்கு அது பெரிய காரணம். ஒரே விதை எண்ணில் 1, 5, 10, 20, 30-ஆம் படிகளின் இடைப் படங்களைச் சேமித்து வரிசையாக வையுங்கள். உங்கள் லேப்டாப்பில் கார்டு இல்லாவிட்டாலும் ஓடும், ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகும், வேறெதையும் திறந்து வைக்காதீர்கள். 512 பிக்சல் 100 புள்ளிக்கு 5 அங்குலம்தான் வரும். பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத நுணுக்கங்களைக் கற்பித்துச் சேர்க்கும். ஆகவே இடைப் படங்களை 12 அங்குலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், சிறியதாகவே பல வைக்கலாம். தமிழ், மலையாள எழுத்தை அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள், எழுத்து போன்ற கிறுக்கல்தான் வரும். படத்தின் கீழே மாடல் பெயர், பதிப்பு, கேட்ட வாசகம், விதை எண், படி எண்ணிக்கை ஐந்தையும் போடுங்கள்.

---

வாசகசாலைச் சுவர் (கொழிஞ்சாம்பாறை)

5 × 4 ஒரே இழையில் வந்துவிட்டதுங்க! கடைசியாக ஒன்று. மூன்று பதாகை வராந்தாவில்தான் தொங்கும். கணவாய்க் காற்று தெரியுமே, துணி நிற்காது. துணி ஓரத்தில் உலோக வளையம் அடித்துக் கட்டினால் போதுமா?

---

அச்சுமை (பாலக்காட்டுச் சித்தூர்)

காட்டனில் வளையம் போட்டால் காற்று அந்த ஓட்டையில் இருந்துதான் கிழிக்கும். மேலும் கீழும் 3 அங்குலப் பை தைக்கச் சொல்லுங்கள். அதற்காகக் கோப்பில் மேலும் கீழும் 4 அங்குலம் வெறும் வெள்ளை சேர்த்து 72 × 56 ஆகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் ஓரமே பைக்குள் போய்விடும். மேல் பையில் முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், கீழ்ப் பையில் அதே குழாயில் மணல் நிரப்பி இரு முனையும் மூடியது. கீழ்க் குழாயை இரு பக்கமும் தூணோடு தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கினால் துணி பாய் மாதிரி காற்றை வாங்கும். வராந்தாவுக்குக் கிர்ஷ், கோலம், மலை மூன்றையும் அனுப்புங்கள். நிறத்தை நம்பி நிற்கும் விஜிஏவும் கிண்டியும் வெயில் படாமல் உள்ளே இருக்கட்டும்.